ஹில்லாரி மேலே விட்டுவைத்த பந்து

முப்பதடி உயரத்தில், எதிலும் ஒட்டாமல், எதிலிருந்தும் தொங்காமல், இருபத்தொரு வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிற ஒரு கால்பந்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததில்லை என்றால், போன ஈஸ்டருக்கு முன்னால் மணல்விளைத்துறைக்கு ஒரு நடை வந்திருக்க வேண்டும். பஸ்ஸை விட்டிறங்கி யாரிடமும் வழி கேட்டிருக்க வேண்டாம்; மாதா கோயில் கோபுரத்துக்கும் கடலுக்கும் நடுவில் தலையைத் தூக்கினாலே தெரிந்திருக்கும், வெயிலில் வெளுத்து, உப்புக்காற்றில் தோல் வெடித்து, மழை பெய்த மறுநாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வடித்துக்கொண்டு, தன்பாட்டுக்கு நிற்கிற பந்து. அதை அங்கே விட்டுவைத்தவர் ஜெனோபாவின் மாமனார் ஹில்லாரி. அது அங்கே நிற்கிற காரணத்தால் ஹில்லாரியின் வாசலை மிதிக்காதவர் ஜெனோபாவைப் பெற்ற அப்பா சிலுவைதாசன். நடுவில் மாட்டிக்கொண்டவள் ஜெனோபா. இடுப்பில் ஆறு மாசப் பெண்குழந்தை, இரண்டு தடவை தள்ளிப்போட்ட ஞானஸ்நானம், மூன்றாவது தடவை தள்ளினால் குழந்தையே நடந்து வந்து தலையைக் காட்டும் என்று ஃபாதர் சொல்லியாயிற்று.

பந்து மேலே போனபோது ஜெனோபாவுக்கு ஏழு வயசு. ஊர்த் திருவிழாச் சுழற்கோப்பையின் இறுதி ஆட்டம், எதிரே பக்கத்து ஊரான வாழைத்துறை, ஆளுக்கொரு கோல், ஆட்டம் முடிய இரண்டே நிமிஷம். இடது பக்கமிருந்து வந்த பந்து ஹில்லாரியின் நெஞ்சில் விழுந்தது. வாழைத்துறையின் கோல் காக்கிற கோலி வழுக்கி மணலில் குப்புறக் கிடந்தான். கோல் கேட்பாரற்றுத் திறந்து கிடந்தது, நடக்கப் பழகுகிற பிள்ளைகூடத் தட்டிவிட்டிருக்கலாம். தட்ட மனசில்லை என்றால் வலது பக்கம் சிலுவைதாசன் நின்றிருந்தார், சுற்றிலும் ஒரு ஆள் இல்லை, கையைத் தூக்கிக்கொண்டு "எனக்கு விடுலேய், எனக்கு விடு" என்று கத்தினார். ஹில்லாரி தட்டவுமில்லை, பார்க்கவுமில்லை. நெஞ்சால் பந்தை ஒரு முழம் மேலே எழுப்பி, கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்ப, தலைகீழாக ஒரு கத்திரி அடி அடித்தார். அந்த அடியைப் போல அழகான ஒன்றை அந்தக் கடற்கரை முன்னேயும் கண்டதில்லை பின்னேயும் கண்டதில்லை என்பதை சிலுவைதாசனே மறுக்கமாட்டார். பந்து எழும்பியது, எழும்பியது, இன்னும் எழும்பியது, முப்பதடியில் நின்றது. நின்றதுதான்.

முதல் நாள் ஊரே அண்ணாந்து பார்த்தது. இரண்டாம் நாள் கழுத்து வலித்தது. மூன்றாம் நாள் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார், பாதி தண்ணீர் அவர் மேலேயே விழுந்தது. நம்ம பையன்கள் கழியை வைத்துப் பந்தைக் கோலுக்குள் தள்ளிவிடுவார்கள் என்று வாழைத்துறைக்காரர்கள் காவலுக்கு ஆள் போட்டார்கள்; அவர்கள் கழியை வைத்து வெளியே தள்ளிவிடுவார்கள் என்று நாமும் போட்டோம்; இரண்டு காவலும் சேர்ந்து எட்டு மாசம் சீட்டு விளையாடியதில் இரண்டு கல்யாணம் நடந்தது. மின்சார வாரியத்திலிருந்து ஒருவர் வந்து அதற்கு இணைப்பு இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றதும் போய்விட்டார். ஆட்டத்தை நடத்த மார்த்தாண்டத்திலிருந்து வந்த நடுவர் வேதமாணிக்கம் வாத்தியார் மட்டும் போகவில்லை. பந்து கீழே வராமல் விசில் ஊத முடியாது, விசில் ஊதாமல் ஆட்டம் முடியாது, முடியாத ஆட்டத்தை விட்டுவிட்டு நடுவர் எப்படி வீட்டுக்குப் போவார்? முதலில் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தார், பிறகு பெட்டியை வரவழைத்தார், பிறகு இங்கேயே பெண்ணெடுத்து, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, கழுத்தில் விசிலோடு வீடும் கட்டிக்கொண்டார்.

கடலுக்குப் போகிறவர்களுக்குத்தான் பந்தால் பெரிய லாபம். கடலில் நின்றுகொண்டு கரையில் தெரிகிற இரண்டு அடையாளங்களை ஒன்றுக்கு நேர் ஒன்றாக வைத்துப் பார்த்து இடம் பிடிப்பார்கள் இல்லையா, கணியம் என்பார்களே, அதற்குப் பந்து வாகாக அமைந்துவிட்டது. பந்தையும் கோயில் சிலுவையையும் நேர்கோட்டில் வைத்து வள்ளத்தை விட்டால் நேரே ஒரு பாறைக்கூட்டம், அதில் கலவா மீன் கையால் அள்ளுகிற மாதிரி. அதற்குப் பந்துப்பார் என்று பெயரும் விழுந்துவிட்டது. பந்து கடவுள் வைத்ததா ஹில்லாரி வைத்ததா என்று யாரும் மெனக்கெட்டுக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அது விழுந்திருந்தால் கோலா, வெளியேயா?

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஃபிலோமி அக்காளின் சாயாக்கடை இருபத்தொரு வருஷம் ஓடியது. கடையின் தெற்குப் பெஞ்சு சீப்புக் கட்சி, ஏனென்றால் ஹில்லாரி ஆடுகிற காலத்தில் வலது காலுறைக்குள் ஒரு கறுப்புச் சீப்பைச் செருகியிருப்பார், பெனால்டி அடிக்குமுன் அதை எடுத்துத் தலையை வாரிவிட்டுத்தான் அடிப்பார். வடக்குப் பெஞ்சு கைக் கட்சி, சிலுவைதாசன் தூக்கிய கையின் பெயரால்.

"எழுபத்தோரு கோல் வேய், ஒண்ணையாவது பெருவிரலால தட்டினானா? எல்லாம் படம் வரைஞ்ச மாதிரி!" என்பார்கள் தெற்குப் பெஞ்சில்.

"தட்டியிருந்தா நூத்தெழுபது இருக்கும்," என்று வடக்கிலிருந்து பதில் வரும். "கோல்கோட்டுல நின்ன பந்தை 'இது சப்பை கோலு, எனக்கு வேண்டாம்'னு திரும்பி நடந்தவன்லேய் அவன். முந்தின வருஷம் அரை இறுதியில நாம தோத்தது யாரால?"

"அவனாலதானே அரை இறுதிக்கே போனோம்?"

"பந்து பறிபோனா ஒரு நாளாவது திரும்பி ஓடி வந்திருக்கானா? முடி கலைஞ்சிரும்!"

"உனக்குக் கலைய முடி இல்லாத பொறாமை!"

இதற்குள் சாயா ஆறியிருக்கும், ஃபிலோமி அக்காள் இன்னொன்று போடுவாள். ஹில்லாரியோ இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் நின்று தன் சாயாவைக் குடித்துவிட்டு, யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்: "அதான் மேல நிக்குதுல்லா, அதுகிட்டே கேளு." சொல்லிவிட்டு மடியிலிருந்து சீப்பை எடுத்து, ஐம்பத்திரண்டு வயசில் மிச்சமிருந்ததை வாரிக்கொண்டு போவார். அந்த நடைக்கே தெற்குப் பெஞ்சு கைதட்டும், வடக்குப் பெஞ்சு துப்பும்.

சிலுவைதாசன் சாயாக்கடைக்கு வருவதில்லை. அவருக்கு வேறு ஏற்பாடு. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் நேரே மைதானத்துக்குப் போவார், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நிற்பார், கையைத் தூக்குவார், "இங்கதான் நின்னேன். கண்ணு அவிஞ்சு போச்சா அவனுக்கு?" என்று பொதுவாகக் கேட்பார், வீட்டுக்குப் போய்விடுவார். நின்று நின்று அந்த இடத்தில் ஒரு குழியே விழுந்துவிட்டது. மகள் ஹில்லாரியின் மகன் ரெஜினைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றபோதும் அவர் தடுக்கவில்லை. கோயிலுக்கு வந்தார், மகளைக் கைப்பிடித்துக் கொடுத்தார், விருந்துக்கு மட்டும் வரவில்லை. "பந்து கீழ வரட்டும் மக்களே. வந்து, யாரு செய்தது சரின்னு தெரியட்டும். அதுக்கப்புறம் அவன் கூட உக்காந்து ஒரு பிடி திங்கேன். அதுவரைக்கும் அவன் வீட்டுப் படி எனக்கு வேண்டாம்," என்றார். நல்ல மனுஷன்தான். மகளுக்கு மீன் கொடுத்தனுப்பாத நாள் கிடையாது. மைதானத்தின் ஓரமாக வந்து நின்று, ஹில்லாரி வீட்டு வேலிக்கு மேலாக நீட்டிவிட்டுப் போவார்.

ஆனால் ஞானஸ்நானப் பந்தியை வேலிக்கு மேலாக நடத்த முடியாதே. மணல்விளைத்துறையில் அதற்கு ஒரு முறை உண்டு. குழந்தையின் இரண்டு பாட்டாமாரும், அம்மையைப் பெற்றவரும் அப்பனைப் பெற்றவரும், ஒரே இலையில் எதிரெதிராக உட்கார்ந்து முதல் பிடி சோற்றை எடுத்தால்தான் மற்ற இலைகளில் சோறு விழும். செத்துப்போனவருக்குப் பதிலாக வேறொருவரை உட்கார்த்தலாம், அதற்கு அனுமதி உண்டு. உயிரோடு, நல்ல பசியோடு, கூப்பிடு தூரத்தில் இருக்கிற அப்பாவுக்குப் பதில் ஆள் உட்கார்த்த ஜெனோபாவுக்கு மனசில்லை. அதனால்தான் இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். அழுதுகொண்டு உட்கார்ந்தாள் என்று நினைக்க வேண்டாம், அவளுக்கு அதற்கு நேரமில்லை. குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும், நெத்திலி காயப்போட வேண்டும், ஆழ்கடலுக்குப் போன ரெஜின் ஈஸ்டருக்கு வருமுன் ஒழுகுகிற ஓடுகளை மாற்ற வேண்டும்.

நெத்திலி காயப்போடுகிற இடம் அந்த மைதானம்தான். மத்தியானம் யாரும் ஆடமாட்டார்கள், மணல் நன்றாகச் சுடும், மீன் இரண்டு நாளில் சலசலவென்று காய்ந்துவிடும். பந்தின் நிழல் ஒரு சின்னத் தட்டளவுக்கு மணலில் விழும், குழந்தையை அதற்கேற்றாற்போல் பாயில் போட்டால் கண்ணுக்கு வெயில் படாது. மாமனார் செய்த உபகாரங்களில் ஜெனோபா மனசாரப் பாராட்டியது அது ஒன்றைத்தான். தவக்காலத்தின் நடுவில் ஒரு நாள் குழந்தை சிணுங்கியது. பார்த்தால், நிழல் கண்ணை விட்டுக் காதுக்குப் போயிருந்தது. பாயை நகர்த்தினாள். மறுநாள் நிழல் கழுத்தில் கிடந்தது. அதற்கு மறுநாள் பாயிலேயே இல்லை. ஓரமும் முன்னைக்கு இப்போது வெட்டினாற்போல் தெளிவாக இருந்தது.

அதே வாரம் வள்ளக்காரர்கள் வெறும் தூண்டிலோடு கரையேறி, பந்துப்பார் இடம்மாறிவிட்டது, வாழைத்துறைக்காரர்கள்தான் ஏதோ செய்துவிட்டார்கள் என்று கத்தினார்கள்.

"பாறை எங்கேயும் போகல்ல," என்றாள் ஜெனோபா, ஓலைப்பெட்டியில் மீனை வாரிக்கொண்டே. "பந்துதான் இறங்குது."

அவ்வளவுதான், ஊர் எழுந்து உட்கார்ந்தது. வேதமாணிக்கம் வாத்தியார் விசிலைப் புளி போட்டுத் தேய்த்தார். தெற்குப் பெஞ்சு பக்கவாட்டில் நின்று நூல் பிடித்து, பந்து கோலுக்குள்தான் வருகிறது என்றது. வடக்குப் பெஞ்சு எதிர்ப்பக்கம் நின்று நூல் பிடித்து, கம்பத்துக்கு மேலேதான் போகிறது என்றது. இரண்டு பேரும் கோல்கம்பத்தை வைத்துத்தான் அளந்தார்களே தவிர, தரையைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜெனோபா அளக்கவெல்லாம் போகவில்லை. தினமும் மத்தியானம் நிழல் விழுகிற இடத்தில் ஒரு ஈர்க்குச்சியைக் குத்தினாள், குழந்தையை எங்கே போடுவது என்று தெரிய வேண்டும் அல்லவா. பதினோரு குச்சி குத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குச்சிகள் கோலுக்கும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை. எறும்பு போகிற மாதிரி வரிசையாக, வலது பக்கமாக, நேரே அப்பாவின் குழியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு கட்சிக்கும் இருபத்தொரு வருஷத்துப் பேச்சு அதில் இருக்கிறது, வீட்டு வேலை முடியாமல் அந்த வாயில் போய் விழ அவளுக்கு ஆசையில்லை. ஒரு நாளைக்கு எத்தனை சாண் இறங்குகிறது என்று மட்டும் பார்த்தாள், மிச்சத்தை வகுத்தாள், நேரே ஃபாதரிடம் போனாள்.

"ஃபாதர், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் வச்சிருவோம்."

"உன் அப்பா வருவாரா?"

"அதை என்கிட்ட விடுங்க."

இடைஞ்சல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஊர்க்கூட்டம் கூடி, பந்தைக் கீழே விழ விடக்கூடாது, நான்கு மூங்கில் நட்டு வலை கட்டித் தாங்கி நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டது. கணியம் போய்விடும், பந்துப்பார் கைவிட்டுப் போய்விடும் என்று வெளியே சொன்னார்கள். உள்ளே இருந்த பயம் வேறு. தெற்குப் பெஞ்சுக்கு அது வெளியே போய்விடுமோ என்று, வடக்குப் பெஞ்சுக்கு அது கோலாகிவிடுமோ என்று. ஃபிலோமி அக்காள் ஒருத்திதான் வாய்விட்டுச் சொன்னாள்: "அது விழுந்துபோச்சுன்னா எவன்டே என் கடையில வந்து உக்காருவான்?"

ஜெனோபா குழந்தையை ஒரு இடுப்பிலும் பச்சை பிளாஸ்டிக் குடத்தை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள்.

"கணியத்துக்கு உசரத்துல ஏதாவது ஒண்ணு தெரியணும், அவ்வளவுதானே? வலைக்கு வச்ச மூங்கில்ல இதைக் கவுத்துக் கட்டுங்க. பந்து முதல்ல நின்ன இடம் எனக்குத் தெரியும், பிள்ளையை முதல்ல பாயில போட்ட இடம்தான் அது. நிழல் பாத்து நேராக்கித் தாரேன்."

"குடத்தைப் பாத்து மீன் பிடிக்கச் சொல்லுதியா பிள்ளே?" என்று ஒருவர் கேட்டார்.

"பந்தைப் பாத்துப் பிடிச்சீங்கல்லா? கலவா மீன் ஆளு பாத்தா வந்துது?"

சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு மறுக்க முடியாது. மறுநாள் மூங்கிலில் பச்சைக்குடம் ஏறியது, அதற்கு மறுநாள் வள்ளம் நிறையக் கலவா வந்தது, வலை கட்டுகிற பேச்சு அதோடு போயிற்று. ஜெனோபாவுக்கு ஒரு குடம் நஷ்டம், ஊர் அவளுக்கு இரண்டு பெரிய மீன் கொடுத்தது, பந்திக் குழம்புக்கு ஆயிற்று.

அப்பாவிடம் வேலிக்கு மேலாகத்தான் பேசினாள்.

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை பந்தி எங்க வீட்டுல இல்ல. மைதானத்துல பந்தல் போடுதேன். மைதானம் யாருக்கும் சொந்தமில்லையே?"

"பந்து இன்னும் விழல்லையே மக்களே."

"உங்களைத் திங்கச் சொன்னேனா? எப்பவும் ஞாயிற்றுக்கிழமை வந்து நிக்கிற மாதிரி வந்து நில்லுங்க. வாயைத் திறக்க வேண்டாம். கையை மட்டும் தூக்குங்க."

சிலுவைதாசன் மகளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு வேலிக்கு மேலாகப் பேத்தியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

ஞாயிறும் வந்தது. கோயிலில் குழந்தை தண்ணீர் பட்டதும் ஃபாதரின் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மைதானத்தில் பந்தல், ஓலை நிழலில் வாழையிலைகள், அண்டாவில் சோறு, ஒரு பக்கம் மீன்குழம்பு கொதிக்க ஒரு பக்கம் கிழங்கு வேக, கோப்பை வரும் என்று நம்பி வாழைத்துறைக்காரர்கள் பாதிப் பேர். நடுவில் இரண்டு பாட்டாமாருக்கான ஒற்றை இலை, பெரியது, நுனி வெட்டாதது. ஹில்லாரி வெள்ளை வேட்டியும் கஞ்சி போட்ட சட்டையுமாக அதன் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் காலி. பந்து ஆளுயரத்துக்கு மேல் இரண்டடியில், யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல் நகர்ந்துகொண்டிருந்தது. தெற்குப் பெஞ்சும் வடக்குப் பெஞ்சும் கோல்கம்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு வரிசையாகக் கழுத்தை நீட்டி நின்றார்கள், ஆள் மாற்றி ஆள் "உள்ளே" "வெளியே" என்று முணுமுணுத்துக்கொண்டு. சோறு ஆறிக்கொண்டிருந்தது. ரெஜின் மனைவியின் காதில், "ஜெனோ, பிள்ளைகள் பசியில அழுகுது, இனியும் காக்கணுமா?" என்றான். "ஒரு சாண்தான் இருக்கு," என்றாள் அவள், மணலைப் பார்த்தபடியே. அவளுடைய கை குழந்தையின் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தது.

சிலுவைதாசன் வந்தார். பந்தலைப் பார்க்கவில்லை, இலையைப் பார்க்கவில்லை. நேரே போய்த் தன் குழியில் நின்றார், கையைத் தூக்கினார், "இங்கதான் நின்னேன்" என்று ஆரம்பித்தார், அடுத்த வார்த்தை வரவில்லை. ஏனென்றால் பந்து, இருபத்தொரு வருஷம் மேலே நின்ற பந்து, கோலையும் பார்க்காமல் கம்பத்தையும் பார்க்காமல், சரிவில் உருண்டு வருகிற மாதிரிக் காற்றில் இறங்கி, அவருடைய நெஞ்சில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, முழங்காலில் பட்டு, வலது பாதத்துக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தது.

கோல்கம்பத்தடியில் கழுத்தை நீட்டி நின்ற இரண்டு வரிசையும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பியது.

"பாஸ்!" என்று யாரோ கத்தினார்கள். "அது பாஸ்வேய்!"

"பாஸாவது! கோலுக்கு அடிச்சது காத்துல திரும்பிப்போச்சு!"

"இருபத்தொரு வருஷம் கழிச்சுப் போய்ச் சேருகதுக்குப் பேரு பாஸா?"

ஹில்லாரி இலைக்கு முன்னாலிருந்து எழுந்தார், வேட்டியிலிருந்த மணலைத் தட்டினார்.

"கொஞ்சம் மெதுவாப் போயிட்டுது," என்றார்.

வேதமாணிக்கம் வாத்தியார் கையில் பிடித்திருந்த சோற்றுக் கரண்டியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு மைதானத்துக்குள் ஓடினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "இன்னும் ரெண்டு நிமிஷம் கிடக்கு, ஆட்டம் நடக்குது, யாரும் உள்ளே வராதீங்க!" என்று கத்தினார். வாழைத்துறையின் பழைய கோலி, இப்போது தொந்தியும் பேரப்பிள்ளையுமாக விருந்துக்கு வந்தவர், இலையை விட்டெழுந்து கோலைப் பார்த்து நான்கு எட்டு ஓடினார், மூச்சிரைத்து அங்கேயே மணலில் உட்கார்ந்துகொண்டார். கோல் அன்றைக்குப் போலவே திறந்து கிடந்தது.

"அடி!" என்றது தெற்கு. "அடிலேய் சிலுவை!" என்றது வடக்கு. இரண்டும் ஒரே வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான்.

சிலுவைதாசன் அடிக்கவில்லை. எல்லா கோலையும் பெருவிரலால் குத்தித் தள்ளியே பழகிய மனுஷன், அழகைப் பற்றி ஒரு நாளும் கவலைப்படாதவர், முழங்கால் வலியோடு வெடித்துப்போன அந்தப் பந்தின் மேல் ஒரு பாதத்தை வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகம் ஜெனோபாவுக்குத் தெரிந்த முகமாக இல்லை. அது அவள் பிறப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் போன காலத்து முகமாக இருக்கலாம். அவர் பந்தலைப் பார்த்தார், ஒற்றை இலையில் காலியாக இருந்த தன் பக்கத்தைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், கடைசியில் இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் ஹில்லாரியைப் பார்த்தார். தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. அதை அப்படியே அவர் பக்கமாக நீட்டினார்.

"லேய் ஹில்லாரி," என்றார், "அந்தச் சீப்பை இங்க தா."